ஈகைக்கு மலர்ந்த ரோசா

தோற்றுவாய்

பற்றிப் படரக் கொம்பின்றி அலமந்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்த பாரியின் கதையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அக்கதையில் பூங்கொடி ஈகையைப் பெற்றது. பெற்ற பூங்கொடியே ஈகின்ற கொடியாதலும் கூடுமோ? தோட்டத்துச் செடி ஒன்று நோயாளர்க்கும் வறியார்க்கும் பொருள் ஈட்டிக் கொடுத்தல் இயலுமோ? இயலும் என்று மேல்நாட்டுத் தோட்டக்கலை வரலாறு கூறுகின்றது. புதிய ரோசா இனம் ஒன்றைத் தோற்றுவித்து, யாதானும் ஓர் அறப்பணியை நினைந்து அதற்குப் பெயரிட்டு, விற்கும் செடிகளின் விலையில் ஒரு பங்கினை அப்பணிக்கு அளிக்கும் வழக்கம் அங்கு உண்டு. அவ்வழக்கத்தின் வரலாற்றையும் இயல்பையும் ஆராய்ந்து, அதன்கண் உண்மையான ஈகை யாண்டு உறைகின்றது எனக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தது நூலார்வத்தால் அன்று. எம் பிழை ஒன்றினால். அதனை முதற்கண் கூறிவிடுதலே நேர்மை.

ஆண்டுதோறும் செப்டம்பர் 22-ஆம் நாளைப் புற்றுநோயாளர்க்குரிய ரோசா நாளாகக் கொண்டாடுகின்றனர். கனடா நாட்டில் 1994-ஆம் ஆண்டில் கொடிய புற்றுநோய்க்கு ஆளாகியும், எஞ்சிய நாள்களில் தன்னைப்போல் நோயுற்றார்க்குக் கடிதமும் கவிதையும் எழுதித் தேற்றிய மெலிண்டா ரோஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் நினைவாக அந்நாள் அமைந்தது என்பர். சென்ற ஆண்டு அந்நாளில் எம் விடுதி மாணவர் சிலர் கூடி, புத்தூரில் மருத்துவம் பெறும் ஏழை நோயாளர்க்கு உதவும் பொருட்டு ரோசா மலர் விற்கத் துணிந்தோம். ஓசூரிலிருந்து வந்த நெடுங்காம்பு மலர்களை ஒன்று 8 ரூபாயாக 300 வாங்கினோம். அவற்றைச் சுற்றப் பளபளப்பான தாளும், கட்ட நாடாவும், வாயிலில் நிறுத்த வண்ணப் பலகையும் வாங்கினோம், வண்டிக்கூலியும் கொடுத்தோம். மலர் ஒன்றை 15 ரூபாய்க்கு விற்றோம். 260 மலர் விலைபோயின. எஞ்சிய 40 மலரும் நண்பகல் வெயிலில் தலைசாய்ந்தன. மாலையில் 400 ரூபாயைப் பெரியதோர் உறையிலிட்டுக் கொடுத்து, நிழற்படமும் எடுத்துக்கொண்டு மகிழ்வோடு திரும்பினோம்.

அன்றிரவு கணக்கெழுதியபோதுதான் எம் உள்ளம் சுட்டது. வந்த தொகை 3,900 ரூபாய். மலருக்குச் சென்றது 2,400; தாளுக்கும் நாடாவுக்கும் பலகைக்கும் வண்டிக்கும் சென்றது 1,100. ஒருவர் கொடுத்த 15 ரூபாயில் நோயாளரைச் சேர்ந்தது ஏறத்தாழ ஒன்றரை ரூபாயே. வாங்கினோரோ தாம் கொடுத்த முழுத்தொகையும் நோயாளரைச் சேரும் என்று நம்பியே கொடுத்தனர். அவ்வாறு எண்ணவேண்டா என்று யாம் ஒருவர்க்கும் கூறினோம் அல்லோம். கணக்கேட்டை எம் தமிழாசிரியரிடம் காட்டினோம். அவர் கடிந்து ஒன்றும் கூறவில்லை. ஏட்டை மூடி எம் கையில் தந்து, “இதில் ஈந்தவர் யார்?” என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை தேடிச் சென்ற வழியே இக்கட்டுரை.

துணிப்பூவின் தொண்டு

அறத்திற்கு ரோசா விற்கும் வழக்கம் பெரிதும் பரவியது இங்கிலாந்தில் என்னலாம். டென்மார்க்கு நாட்டு இளவரசியாகிய அலெக்சாண்டிரா 1863-ஆம் ஆண்டில் மணமகளாக அந்நாட்டிற்கு வந்தவர். பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரின் அரசியாக விளங்கியவர். தாம் வந்த ஐம்பதாம் ஆண்டினை ஊர்வலமும் விருந்துமாகக் கொண்டாட அவர் விரும்பவில்லை. 1912-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள், இலண்டன் தெருக்களில் காட்டு ரோசாவின் வடிவாகச் செய்த மலர்களை மகளிர் ஏந்தி விற்றனர். வந்த பொருள் மருத்துவமனைகளுக்குச் சென்றது. டென்மார்க்கில் சமயகுரு ஒருவர் தம் தோட்டத்து ரோசாக்களை விற்று வறியார்க்கு உதவிய செய்தியே அரசியின் உள்ளத்தில் இவ்வெண்ணத்தை விதைத்தது என்பர்.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. அம்மலர்கள் தோட்டத்திற் பூத்தவை அல்ல, துணியாற் செய்தவை. செய்தவரோ சான் குரூம் என்னும் அறவோர் நிறுவிய இல்லத்தில் வாழ்ந்த கால் கை முடம்பட்ட மகளிர். அவருட் பலர் வேறு தொழில் செய்து பிழைக்க இயலாதவர். ஆகவே, ஒரு பூ விற்றபோது அறம் இருமுறை நிகழ்ந்தது. செய்தவள் தன் உழைப்பிற்குரிய கூலி பெற்றாள். மருத்துவமனை தன் பங்கினைப் பெற்றது. வாடிப்போகும் மலர் அன்றாதலின் வீணாயதும் இல்லை. எம் 300 மலர்களில் 40 வாடியதை எண்ணும்போது, துணிப்பூவின் நன்மை எமக்கு நன்கு விளங்கியது.

அலெக்சாண்டிரா ரோசா நாளைக் கண்டு, வேறு பல சங்கங்களும் கொடியும் பூவும் விற்றுப் பொருள் தொகுக்கத் தலைப்பட்டன. அந்நாளின் பெயரால் அமைந்த அறநிலையம் நூறாண்டு கடந்தும் மறையவில்லை. 2014 முதல், வருவாய் குறைந்த குடும்பங்கள் சந்தையிற் பழமும் காய்கறியும் வாங்குதற்குரிய ரோசாச் சீட்டுகளை அது வழங்கத் தொடங்கியது. துணிப்பூவாகத் தோன்றியது காய்கறியாகக் காய்த்தது விந்தையன்றோ! டேவிட் ஆஸ்டின் என்னும் புகழ்பெற்ற ரோசா வல்லுநர் 1992-இல் தாம் வெளியிட்ட இளஞ்சிவப்பு இனம் ஒன்றிற்கு அலெக்சாண்டிரா ரோசா என்றே பெயர் சூட்டினார். இவ்வாறு துணிப்பூவின் பெயர் உயிர்ப்பூவிற்கு வந்தது.

ஓரினம் பிறக்கும் வழி

நிற்க. புதிய ரோசா இனம் யாங்ஙனம் பிறக்கின்றது என்பதனை அறிந்தாலன்றி, அதனை ஈதல் எத்துணைப் பெரிது என்பது விளங்காது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துக் கூறுவாம்.

முதலில் தாயாகத் தெரிந்த மலரை அது முற்றும் விரியுமுன்னரே எடுத்து, இதழ்களைக் களைந்து, மகரந்தப் பைகள் வெடியாமுன் அவற்றையும் கிள்ளி விடுவர். தந்தையாகத் தெரிந்த மலரின் மகரந்தப் பொடியை மெல்லிய தூரிகையால் எடுத்துத் தாய்மலரின் சூல்முடியில் தடவுவர். வண்டும் காற்றும் வேறு பொடி கொணராதபடி உறையிட்டுக் கட்டி, பெற்றோர் இருவர் பெயரையும் சீட்டில் எழுதித் தொங்கவிடுவர். சூல் கொண்டால் காம்பின் நுனி பருத்து, திங்கள் சில கழித்துச் செம்மஞ்சட் கனியாகும். அக்கனியிலுள்ள வித்துகளைச் சில வாரம் குளிரில் வைத்திருந்து விதைப்பர். முளைப்பவை சில, முளையாதன பல.

முளைத்த நாற்றுகளின் இயல்பே வியத்தற்குரியது. ஒரு கனியின் வித்துகளேயாயினும் ஒன்றுபோல் மற்றொன்று இராது. நிறம் நன்றாயின் மணம் இராது. மணம் இருப்பின் இலையில் கரும்புள்ளி நோய் காணும். இரண்டும் அமையின் காம்பு வலியின்றித் தொங்கும். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஆண்டுதோறும் கழித்துக் கழித்து, இறுதியில் ஒன்றிரண்டையே வைத்துக்கொள்வர். வைத்துக்கொண்டதனையும் பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் சோதிப்பர். இவ்வாறு ஓரினம் விற்பனைக்கு வர எட்டு, பத்து ஆண்டுகள் செல்லும்.

தெரிந்தெடுத்த அவ்வொரு செடியைப் பலவாக்குதற்கு விதை பயன்படாது. விதைத்தால் மீண்டும் வேறு வேறாகவே பிறக்கும். ஆகவே, அச்செடியின் இலைக்கணுவிலுள்ள கண் ஒன்றைப் பட்டையோடு பெயர்த்து, வலிய காட்டு ரோசாவின் தண்டைக் கீறி அதனுள் செருகிக் கட்டுவர். இதனைக் கண் ஒட்டு என்பர். ஒட்டிய கண் தளிர்த்து வளர்ந்ததும் மேலுள்ள காட்டுக் கிளையை அறுத்து நீக்குவர். இதனால் விளங்குவது யாது? உலகில் ஓரினத்துச் செடிகள் இலட்சம் இருப்பினும் அவை யாவும் முதலிற் பிறந்த ஒரே செடியின் உடலே. ஒரு செடி தன்னைப் பகுத்துப் பகுத்து உலகெங்கும் கொடுக்கின்றது, கொடுக்குந்தோறும் குறைவதில்லை.

இவ்வெளிமையே தோற்றுவித்தவர்க்கு இடையூறும் ஆயிற்று. பத்தாண்டு பாடுபட்டவர் ஒரு செடியை விற்றவுடன், வாங்கியவர் அதன் கண்களை ஒட்டி ஆயிரம் செடி விற்கலாம். இதனைத் தடுக்க அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1930-ஆம் ஆண்டில் செடிகளுக்குக் காப்புரிமைச் சட்டம் இயற்றின. அச்சட்டத்தின்படி 1931-இல் முதலுரிமை பெற்றது நியூ டான் என்னும் படர்ரோசாவே. நம் நாட்டில் பயிரினப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001-ஆம் ஆண்டில் இயன்றது. அது மரத்திற்கும் கொடிக்கும் 18 ஆண்டும், ஏனைய பயிர்களுக்கு 15 ஆண்டும் உரிமை காக்கின்றது. அக்காலம் முடியும்வரை ஒவ்வொரு செடிக்கும் உரிமைப் பணம் பெறத் தோற்றுவித்தவர்க்கு வழி உண்டு. அறப்பணிக்கென ரோசாவை அளிப்பவர் விட்டுக்கொடுப்பது இவ்வுரிமைப் பணத்தில் ஒரு பகுதியையோ, விற்பனையில் தமக்கு வரும் ஊதியத்தையோ ஆகும். வாங்குவோர் காண்பது மலரை மட்டுமே. விட்டுக்கொடுத்த பத்தாண்டு உழைப்பு அதன் பின்னே மறைந்து நிற்கின்றது.

பெயரும் பங்கும்

இனி, உலகம் அறிந்த சில ரோசாக்களைக் காண்போம். இவற்றைப் பெயர் மட்டும் தந்தவை, பங்கும் தந்தவை என இருவகையாகப் பகுக்கலாம்.

பெயரால் மட்டும் பெரும்பணி செய்ததற்குச் சிறந்த சான்று பீசு என்னும் சமாதான ரோசா. பிரான்சு நாட்டுப் பிரான்சிசு மெய்யான் 1935-இல் கலப்புச் செய்து பெற்ற இனம் அது. இளமஞ்சள் நிறமும் இதழோரத்தில் செம்மையும் உடையது. 1939-இல் போர் மூளும் தறுவாயில் அதன் ஒட்டுக்கண்களைச் சிறு பொதிகளாகக் கட்டி அயல்நாடுகளுக்கு அனுப்பினார். தம் தோட்டத்தில் அதற்குத் தம் அன்னையின் பெயரையே சூட்டினார். அமெரிக்காவை அடைந்த பொதி அங்கே தழைத்துப் பெருகியது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், ஐரோப்பியப் போர் முடிவை நெருங்கிய வேளையில், அதற்கு அமெரிக்காவில் சமாதானம் என்ற பெயரை இட்டனர். அவ்வாண்டு சான்பிரான்சிசுக்கோ நகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் பேராளர் 49 பேர்க்கும் அம்மலர் ஒவ்வொன்று அளிக்கப்பட்டது. அம்மலர் மாந்தர் உள்ளத்தில் ஒரு வேட்கையை நிறுத்தியது.

பெயரோடு அறப்பணியைப் பிணைத்தவற்றுள் மூன்றனைச் சுட்டுவோம். முதலாவது, போரில் உறுப்பிழந்தும் நோயுற்றும் வாழும் வீரரை மறவாது பேணும் பிரித்தானியச் சங்கம் ஒன்றனை நினைந்து, அபர்தீன் நகரத்துக் காக்கர் குடும்பத்தார் 1984-இல் வெளியிட்ட ரிமெம்பர் மீ என்பது. ‘என்னை நினைவிற் கொள்க’ என்பது அதன் பொருள். செம்பு நிறமான அம்மலரை நோக்குவார்க்குப் பெயரே வேண்டுகோளாக நிற்கின்றது. இரண்டாவது, வேல்சு இளவரசி டயானா நுரையீரல் நோய்க்கான பிரித்தானிய நிறுவனத்திற்கு ஆற்றிய தொண்டினைப் போற்றி, ஆர்க்கினசு பண்ணையார் 1997-இல் வெளியிட்ட வெண்ணிறப் பிரின்சசு ஆவ் வேல்சு. அவ்வாண்டு ஆகத்திலேயே இளவரசி மறைந்தார், மலர் நின்றது. மூன்றாவது, கனடாச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நூறாண்டு நிறைவை ஒட்டி, அந்நாட்டு மார்டன் ஆராய்ச்சி நிலையம் 1995-இல் வெளியிட்ட ஓப் ஃபார் இயுமானிட்டி. மனிதகுலத்தின் நம்பிக்கை என்பது அதன் பொருள். கடும்பனியிலும் வேர் மடியாது மீண்டும் தளிர்க்கும் செந்நிற இனம் அது. இடருற்றார்க்கு உதவும் சங்கத்திற்கு இடர் தாங்கும் செடியைத் தெரிந்தெடுத்தமை பாராட்டற்பாலது.

இவற்றினும் எம் உள்ளத்தை உருக்கியது, அறத்திற்கென வளர்க்கப்படாமலே அறம் செய்ய வந்த செடி ஒன்று. அமெரிக்க நாட்டு இலூசியானாவில் 2005-ஆம் ஆண்டு ஆகத்து 29-ஆம் நாள் கத்ரீனா என்னும் பெரும்புயல் வீசியது. பெக்கி மார்ட்டின் என்னும் தோட்டக்கலை ஆர்வலர் அப்புயலில் தம் முதிய பெற்றோரை இழந்தார்; அரிதின் தொகுத்த ரோசாத் தோட்டம் உப்புநீரில் பன்னாள் மூழ்கி அழிந்தது. நீர் வடிந்தபின் சென்று பார்த்தபோது, முள்ளில்லாப் பழைய படர்ரோசா ஒன்று தளிர்விட்டு நின்றது. வில்லியம் வெல்சு என்னும் தோட்டக்கலைப் பேராசிரியர் அச்செடிக்கு அவ்வம்மையின் பெயரையே இட்டுப் பரப்பினார். செடி வளர்ப்போர் பலர், விற்கும் செடி ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம், புயலால் அழிந்த தோட்டங்களைப் புதுக்கும் நிதிக்கு அளித்தனர். வாங்கினோர் ஒவ்வொருவரும் எத்துணைப் பொருள் எதற்குச் செல்கின்றது என்பதனை அறிந்தே வாங்கினர். ‘ஒரு செடிக்கு ஒரு டாலர்’ என்னும் அத்தெளிவே எம் பலகையில் இல்லாதது.

நம் நாட்டு நிலை

ரோசா நமக்கு அயலானதோ எனின், முற்றும் அயலானது அன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களிடையே ரோசா இல்லை. அதன் பெயரும் கடல்கடந்து வந்ததே. ஆயினும் நீலமலையிலும் பழனிமலையிலும் வெண்ணிறக் காட்டு ரோசா ஒன்று தானே வளர்கின்றது. பன்னீர் ரோசாவோ, திருமணப் பந்தல் முதல் இறுதி ஊர்வலம் வரை நம் வாழ்வோடு கலந்துவிட்டது. வயலூர்ச் சாலைக்கு அப்பாலுள்ள எட்டரை, கோப்பு முதலிய சிற்றூர்களின் பூக்கள் விடியுமுன் திருவரங்கத்துச் சந்தையை அடைகின்றன. பூந்தோட்டம் வளர்த்தலே தொண்டு எனக் கருதும் மரபும் இவ்வூர்க்குப் புதிதன்று. திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, நாளும் மாலை கட்டிச் சாத்துவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் தொண்டரடிப்பொடியாழ்வார். சமயம் வேறாயினும், மண்ணைக் கொத்தும் கையே தொண்டு செய்யும் கை என்னும் கருத்து நமக்கும் உரியதே.

புதிய இனம் படைத்தலிலும் நம்மவர் பின்தங்கினாரல்லர். துருநோய் தாங்கும் கோதுமையைத் தோற்றுவித்துப் பலர் பசி தணித்த பெஞ்சமின் பியாரி பால் (1906–1989), ரோசா இனங்கள் பலவற்றையும் படைத்தவர். உணவுப் பயிரை ஆராய்ந்த அறிவே மலரையும் படைத்தது. நம் தமிழ்நாட்டில், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் குடியேறிய வீரராகவன் அவர்களும் அவர்தம் துணைவியார் கிரிசா அவர்களும் செய்த பணி உலகறிந்தது. மேல்நாட்டு ரோசாக்கள் குளிருக்கெனப் பிறந்தவை; நம் சமவெளி வெயிலில் நிறம் வெளுத்து நலிபவை. ஆகவே, வங்காளத்து நீர்நிலைக் கரைகளில் வளரும் காட்டு ரோசாவையும், மணிப்பூர் மலைகளில் மரமேறிப் படரும் பேருருவ ரோசாவையும் கலப்பிற் சேர்த்து, வெப்பம் தாங்கும் இனங்களை அவர் நாடினர். அவற்றுள் ஒன்றற்கு, சென்னையிற் கற்று உலகப்புகழ் பெற்ற தாவர அறிஞர் சானகி அம்மாள் (1897–1984) அவர்களின் பெயரை இட்டுள்ளனர். சித்திரை வெயிலில் 40 பாகை வெப்பத்தைக் காணும் திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு, இவர்தம் முயற்சியின் அருமையைப் பிறர் கூற வேண்டா.

ஈந்தவர் யார்?

இப்பொழுது எம் ஆசிரியரின் வினாவிற்கு வருவோம். திருவள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். ஈகையாவது இல்லாதார்க்குக் கொடுப்பது; மீண்டும் ஒன்றைப் பெறுதற்பொருட்டுக் கொடுப்பது ஈகையன்று என்பது அவர் கருத்து. அவ்வரையறையை எம் ரோசா நாளின்மேல் வைத்து நோக்கினோம். பூ விற்ற வணிகர் தம் விலையைப் பெற்றார்; அவர்மேற் குற்றமில்லை. தாள் விற்றவரும் வண்டியோட்டியவரும் தத்தம் கூலியைப் பெற்றனர். வாங்கினவர் தம் பணத்திற்கு மலரைப் பெற்றார். அறம் செய்தோம் என்னும் மனநிறைவையும் பெற்றார். யாமோ புகழும் நிழற்படமும் பெற்றோம். யாவரும் பெற்றனர், இழந்தவர் ஒருவரும் இலர். ஒருவரும் ஒன்றையும் இழவாத இடத்து ஈகை யாங்கிருந்து வரும்? நோயாளர்க்குச் சென்ற 400 ரூபாயும், வாங்கினோர் உண்மையறியாது கொடுத்த மிகையே. நற்செய்தி நூலில் வரும் ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு காசுகளுக்கு அவள் பெற்றது ஒன்றுமில்லை. அதனாலேயே அவை பெரியனவாயின.

அற்றேல், அறப்பணிக்கென ரோசா விற்றல் பயனற்றதோ எனின், அன்று. ஒப்புரவறிதலில் வள்ளுவர் காட்டும் உவமைகள் மூன்று: ஊரார் உண்ணும் குளத்து நீர், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லாப் பகுதியும் மருந்தாகும் மரம். மூன்றும் ஒருமுறை கொடுத்து ஓய்வன அல்ல. இருந்த இடத்திலிருந்து என்றும் கொடுப்பன. அறத்திற்கு அளித்த ரோசா இனம் இவ்வகையைச் சேர்ந்தது. தோற்றுவித்தவர் ஒருமுறை விட்டுக்கொடுக்கின்றார். அதன்பின் விற்கும் ஒவ்வொரு செடியும் ஆண்டாண்டாக அக்கொடையைச் சுமந்து செல்கின்றது. வாங்குவோர் மலரை விரும்பியே வாங்கினும் குற்றமில்லை. அவர் செய்வது நேர்மையான வாணிகம். ஈகை தோற்றுவித்தவர்பால் நிற்கின்றது. ஒப்புரவு செடியின்பால் நிற்கின்றது.

இதனால் யாம் தெளிந்தவை மூன்று. ஒன்று, யாரேனும் ஒருவர் தமக்குரிய ஒன்றை உண்மையாக விட்டுக்கொடுத்திருத்தல் வேண்டும். இரண்டு, எத்துணைப் பங்கு எவர்க்குச் செல்கின்றது என்பதனை வாங்குமுன்னரே வாங்குவோர்க்குக் கூறுதல் வேண்டும். மூன்று, ஒருநாளில் வாடும் மலரினும் ஊன்றி வளரும் செடி நன்று. உரிமைக்காலம் முடிந்து பங்கு நின்றபின்னும், நோயுற்றார் பெயரைத் தாங்கிய செடி ஒருவர் வீட்டு வாயிலில் நிற்குமாயின், அவரை நினைவூட்டிக்கொண்டே நிற்கும் அன்றோ?

முடிப்பு

பிழையை உணர்ந்தால் மட்டும் போதாது என்று எண்ணி, சென்ற ஐப்பசி மழையில் மற்றொரு முயற்சி செய்தோம். விடுதித் தோட்டத்துப் பன்னீர் ரோசாவைக் கத்தரித்தபோது விழுந்த குச்சிகளில், எழுதுகோற் பருமனுள்ள 48 குச்சிகளைத் தெரிந்தெடுத்து, கணுவிற்குக் கீழே சாய்வாக வெட்டினோம். செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து, கழித்த பால் உறைகளில் நிரப்பி ஊன்றி, மாமர நிழலில் வைத்தோம். நாள்தோறும் முறைவைத்து நீர் வார்த்தோம். சில குச்சிகள் தளிர்விட்டு எம்மை ஏமாற்றின. இழுத்துப் பார்த்தால் வேர் இல்லை. தோட்டக்காரத் தாத்தா எம் அவசரத்தைக் கண்டு நகைத்து, “தம்பிகளா, வேர் பிடிச்சுதான்னு பிடுங்கிப் பார்த்தா எப்படிப் பிடிக்கும்?” என்றார். அதன்பின் பிடுங்கிப் பார்த்தலை விட்டோம். தை பிறந்தபோது 31 செடிகள் நின்றன.

இம்முறை வண்ணப் பலகை இல்லை. அட்டை ஒன்றில், ‘செடி ஒன்று 40 ரூபாய்; எருவிற்கும் மணலிற்கும் 6 ரூபாய்; நோயாளர்க்கு 34 ரூபாய்’ என்று எழுதித் தொங்கவிட்டோம். 31 செடியும் விலைபோயின. வந்தது 1,240 ரூபாய். செலவு 186 போக, நோயாளரைச் சேர்ந்தது 1,054. தொகை பெரிதன்று. ஆயினும் எம் கணக்கேட்டை மீண்டும் ஆசிரியரிடம் காட்டியபோது, அவர் அவ்வினாவை வினவவில்லை.

யாம் செய்தது புதிய இனம் அன்று. பழைய பன்னீர் ரோசாவே. அதற்குப் பெயரிடவும் இல்லை. எனினும் இக்கட்டுரையைக் காணும் பழைய மாணவருள் தாவர நூல் கற்றாரும், தோட்டம் உடையாரும், ஓய்வு பெற்றாரும் பலர் உளர். திருச்சிராப்பள்ளி வெயிலைத் தாங்கி மணம் கமழும் ரோசா ஒன்றனைப் படைத்து, அதன் உரிமையை ஏழை நோயாளர்க்கு விட்டுக்கொடுப்பார் அவருள் ஒருவரேனும் தோன்றுதல் கூடாதோ? அது பத்தாண்டுப் பணி. இன்று மகரந்தம் தடவும் மாணவன், தான் தெரிந்தெடுத்த மலர் பிறர் வாயிலில் பூக்குமுன்னரே கல்லூரியை விட்டுச் சென்றிருப்பான். தான் காணாத மலர்க்குத் தான் உழைத்தலே ஈகையின் தொடக்கம் என யாம் கருதுகின்றோம்.

உய்யக்கொண்டான் கால்வாயை வெட்டியோர் அதனாற் பின்னாளில் நனையும் வயல்களை எல்லாம் கண்டவர் அல்லர். அவர் வெட்டிய நீர் புத்தூரைக் கடந்து இன்றும் ஓடுகின்றது.